எவோவுக்குப் பெரிய பம்பும் பெரிய இன்ஜெக்டரும்: வீட்டு முற்றத்தில் நாமே பொருத்தும் முறை

டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை, ஒரு நிமிடத்தில் ஏற்றிவிடலாம். உள்ளே போகும் அந்தக் கூடுதல் காற்றுக்கு ஏற்ற பெற்றோலும் போகிறதா என்பதுதான் கேள்வி. போகாவிட்டால் கலவையில் பெற்றோல் குறைந்து லீன் ஆகும், எரியறை சூடேறும், கலவை தானாக வெடிக்கும் நொக்கிங் தொடங்கும். அதன் பிறகு பிஸ்டன் உடைவதற்குச் சில விநாடிகள் போதும். எஞ்சினைத் திறந்து பார்க்கும் எல்லோரும் டர்போவைக் குற்றம் சொல்வார்கள். பல நேரங்களில் குற்றவாளி பின் இருக்கைக்குக் கீழே இருக்கும் கைப்பிடியளவு பம்ப்தான்.

இந்த வழிகாட்டியை மிட்சுபிஷி லான்சர் எவொலூஷன் 8ஐ, சுருக்கமாக எவோ 8ஐ, வைத்தே எழுதுகிறேன். என்னிடம் இருப்பது அதுதான், திருகோணமலையில் உப்புவெளி வீட்டு முற்றத்தில் நானே செய்த வேலையும் இதுதான். இம்ப்ரெசா வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் ஒழுங்கு இதேதான். அளவுகளையும் வயர் நிறங்களையும் மட்டும் உங்கள் காரின் சேவிஸ் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகுமுன் கணக்கு

கடுதாசியும் பேனையும் எடுங்கள். இந்தக் கணக்கைச் செய்யாமல் பொருள் வாங்கியவர்கள் இரண்டு தடவை காசு செலவழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

நமது இலக்கு 400 குதிரைவலு என்று வைப்போம். டர்போ பெற்றோல் எஞ்சின் ஒன்று முழு வேகத்தில் ஒரு குதிரைவலுவுக்கு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 270 கிராம் பெற்றோல் குடிக்கும். அப்படியென்றால் 400க்கு 108 கிலோ. ஒரு லீற்றர் பெற்றோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்பதால் இது 145 லீற்றர் அளவில் வரும். நான்கு சிலிண்டருக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் நிமிடத்துக்கு 600 சிசிக்குச் சற்று மேல்.

சிலிண்டருக்குப் பெற்றோலைப் பீச்சும் எவோ 8இன் கொம்பனி இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 560 சிசி. அது மூடாமலே முழுக்கத் திறந்து நின்றாலும் 400 குதிரைவலுவுக்குப் போதாது. இன்ஜெக்டரை 80 வீதத்துக்கு மேல் வேலை வாங்கவும் கூடாது, திறந்து மூட அதற்கு நேரம் வேண்டும். 600ஐ 0.8ஆல் வகுத்தால் 750 வரும். ஆகவே 850 முதல் 1000 சிசி வரையான இன்ஜெக்டர் நமக்குச் சரி. 1600, 2000 என்று போகாதீர்கள். அவ்வளவு பெரியவை எதனோல் கலந்த ஈ85 எரிபொருளுக்கு ஆனவை, இலங்கையில் நமக்குப் பொதுவாகக் கிடைப்பது 92உம் 95உம்தான். இந்தக் காருக்கு 95க்குக் குறைந்த எதையும் ஊற்றக் கூடாது.

இப்போது பம்ப். டப்பாவில் மணித்தியாலத்துக்கு 255 லீற்றர் என்று இருக்கும். அது எந்த அழுத்தத்தில் எடுத்த அளவு என்று பாருங்கள். இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான ரெயிலின் அடிப்படை அழுத்தம் 3 பார். பூஸ்ட் 1.5 பார் என்றால் பம்ப் 4.5 பாருக்கு எதிராகத் தள்ள வேண்டும். அழுத்தம் ஏற ஏற பம்ப் தரும் அளவு குறையும். நமக்குத் தேவை 4.5 பாரில், 13.5 வோல்ட்டில், 145 லீற்றரும் அதற்கு மேல் ஐந்திலொரு பங்கு கையிருப்பும், அதாவது 175 லீற்றர். நல்ல 255 ஹை பிரஷர் பம்ப் ஒன்று இதைத் தாராளமாகத் தரும். 450 லீற்றர் பம்ப் போடு என்று சொல்பவர்கள் இருப்பார்கள். தேவைக்கு மேற்பட்ட பெற்றோல் ரெயிலைச் சுற்றி, எஞ்சின் சூட்டை வாங்கிக்கொண்டு டாங்கிக்கே திரும்பும். கச்சான் காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில் நம் ஊர் வெயிலுக்கு அந்தச் சூடு வேண்டாத விருந்தாளி.

கொம்பனி இரும்புக் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு முழுக் காருக்கும் பின்னல் ஹோஸ் ஓட்டுவது படத்துக்கு அழகு. 400 குதிரைவலுவுக்கு அந்தப் பழைய குழாயே போதும். கல் அடித்தாலும் தாங்கும். ரெயில் முனையிலும், பெற்றோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் பக்கத்திலும் மட்டும் புது ஹோஸ் போடுங்கள்.

வாங்கும்போது

பம்ப்பில் போலிகள் அதிகம். நான் முதலில் வாங்கியதே போலி. பெட்டி, ஸ்டிக்கர் எல்லாம் அசலைப் போலவே இருந்தன. மூன்று மாதத்தில் சத்தம் கூடி, சூடானால் நின்றுவிடத் தொடங்கியது. நின்ற இடம் கந்தளாய் தாண்டி, இரவு எட்டு மணி, யானை கடக்கிற பாதை. விலை அரைவாசிக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். தயாரிப்பாளர் தன் விற்பனையாளர் என்று ஏற்றுக்கொண்ட கடையில் மட்டும் வாங்குங்கள்.

இன்ஜெக்டர் நான்கும் ஒன்றாகப் பாய்ச்சல் அளந்து பொருத்தம் பார்க்கப்பட்டவையாக இருக்க வேண்டும். ஒன்று மற்றவற்றை விடக் குறைவாகத் தந்தால் அந்தச் சிலிண்டர் மட்டும் லீன் ஓடும், புகைக்குழாயில் இருக்கும் லாம்ப்டா சென்சருக்கு அது தெரியவே தெரியாது. ஒவ்வொன்றுக்கும் டெட் டைம், அதாவது திறக்கப் பிந்தும் நேரத்தின் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். எஞ்சின் கணினியின் கணக்கைச் சரிசெய்து ரியூன் செய்பவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.

டாங்கிக்குள் போகும் ஹோஸ் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். சாதாரண பெற்றோல் ஹோஸ் உள்ளே ஓடும் பெற்றோலைத் தாங்கும், வெளியே பெற்றோலில் ஊறிக் கிடந்தால் வீங்கிப் பிளக்கும். மூழ்கிக் கிடப்பதற்கென்றே எஸ்ஏஈ ஜே30 ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ் இருக்கிறது. ஒரு அடி துண்டுக்கு விலை அதிகம்தான். அது வெடித்தால் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், ரெயிலுக்கு அழுத்தம் வராது. காரணம் தேடி நீங்கள் முழு எஞ்சினையும் கழற்றுவீர்கள்.

மற்றவை: பம்ப்புக்குரிய புது வலை வடிகட்டி, டாங்கி மூடிக்குப் புது ஓ ரிங், விட்டோன் ரப்பரில் இன்ஜெக்டர் ஓ ரிங்குகள், சரிசெய்யக்கூடிய ரெகுலேட்டர், அழுத்தமானி, 10 மைக்ரோன் வடிகட்டி, விளிம்பு மடிந்த இன்ஜெக்ஷன் கிளிப்புகள், 40 அம்பியர் ரிலே, 20 அம்பியர் பியூஸ், 4 சதுர மில்லிமீற்றர் வயர். காற்று எரிபொருள் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் லாம்ப்டா மீற்றர் ஏற்கெனவே இல்லையென்றால் இந்த வேலையையே தள்ளிப் போடுங்கள்.

ரியூன் செய்பவரிடம் புது இன்ஜெக்டருக்கான ஆரம்ப மெப் (பெற்றோல் அளவுக் கணக்கு) ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எவோ 8இன் ஈசியூவை, அதாவது எஞ்சின் கணினியை, மடிக்கணினியாலேயே எழுதலாம். இது கையில் இல்லாமல் பழைய இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டாம். 560க்கு எழுதிய கணக்கில் 1000 சிசி இன்ஜெக்டர் திறந்தால் சிலிண்டர் பெற்றோலில் குளிக்கும், சுவரிலுள்ள ஒயில் கழுவப்பட்டுவிடும்.

இடமும் நேரமும்

சீனன்குடாக் காட்டுக்குள் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் ஊர் இது. 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலில் அங்கே ஒரு தாங்கி பற்றி எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நமது டாங்கியில் இருப்பது பத்து லீற்றராக இருக்கலாம், ஆவியின் குணம் ஒன்றுதான். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது. அது மேலே போகாது, தரையோடு தவழ்ந்து தீயைத் தேடிப் போகும்.

அதனால் மூடிய கராஜுக்குள் செய்ய வேண்டாம். மரநிழலில், காற்றோட்டமான முற்றத்தில், காலை ஆறரைக்குத் தொடங்குங்கள். பத்து மணிக்குப் பிறகு வெயிலில் டாங்கியைத் திறந்தால் ஆவி அள்ளும். பின்னேரம் தொடங்கினால் இருட்டிவிடும், நுளம்பு வரும், யாராவது நுளம்புச் சுருளைக் கொளுத்திக் காலடியில் வைப்பார்கள். இது நடக்காத விஷயம் இல்லை. எங்கள் வீட்டில் அம்மாவிடம் முதல் நாளே சொல்லி வைத்தேன்: நாளைக்கு மதியம் வரை வெளியே விறகடுப்பு மூட்ட வேண்டாம், சாமி விளக்கும் உள்ளேதான்.

உலர் தூள் தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெளிச்சத்துக்கு எல்ஈடி டோர்ச் மட்டும்; சூடான குமிழ் விளக்கு உடைந்தால் தீக்குச்சி உரசியதற்குச் சமம். கண்ணாடியும் நைட்ரைல் கையுறையும் போடுங்கள். தனியே செய்ய வேண்டாம்.

அழுத்தத்தை இறக்கி, டாங்கியைத் திறப்பது

டாங்கியில் கால்வாசிக்கும் குறைவாகப் பெற்றோல் இருக்கும் நாளில் செய்யுங்கள். பின் இருக்கையின் அடிப்பாகத்தைத் தூக்கி எடுத்தால் மூடித் தகடு தெரியும். அதைத் திறந்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஓடும்போதே பம்ப்பின் வயர் கொக்கியைக் கழற்றுங்கள். எஞ்சின் சில விநாடி இருமி நிற்கும். இன்னும் இரண்டு தடவை கிராங்க் செய்யுங்கள். பிறகு பெற்றோல் மூடியைத் திறந்து உள் அழுத்தத்தை வெளியேற்றி, பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

இப்போது பொறுமை வேண்டும். பம்ப் மூடியைச் சுற்றி இருபது வருடத் தூசு இருக்கும், நம் பக்கத்தில் அதோடு கடற்கரை மணலும். நட்டைத் தொடுமுன் வெக்யூம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி வெக்யூம் போடுங்கள். நான் இதற்கு மட்டும் அரை மணித்தியாலம் எடுத்தேன். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தால் அது நேரே வலை வடிகட்டிக்குத்தான் போகும்.

ஹோஸ்களைக் கழற்றும்போது துணியைச் சுற்றிப் பிடியுங்கள், மிச்சப் பெற்றோல் கொஞ்சம் வரும். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் படம் எடுங்கள். நான்கு சக்கர இயக்கக் கார் என்பதால் டாங்கி சேணம் போல நடுவில் வளைந்து இரண்டு பள்ளமாக இருக்கும். மறுபக்கப் பெற்றோலை இந்தப் பக்கம் இழுத்து வரும் சிறு ஹோஸைத் திருப்பிப் பூட்ட மறந்தால், டாங்கியில் பெற்றோல் இருக்கும்போதே கார் நின்றுவிடும். தொகுதியை மேலே தூக்கும்போது மிதவைக் கம்பி வளையாமல் சரித்து எடுங்கள்.

பெற்றோல் தட்டுப்பாடு வந்த 2022இல் என் கார் எட்டு மாதம் ஓடாமல் நின்றது. பம்ப்பை வெளியே எடுத்தபோது வலை வடிகட்டி கறுத்து, அரக்கு மாதிரி ஒட்டும் படலம் மூடியிருந்தது. டாங்கியின் அடியில் துரு நிறத்தில் மண்டி. அன்றைக்குப் புது பம்ப்பை அப்படியே இறக்கியிருந்தால் ஒரு மாதம் கூட ஓடியிருக்காது. டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். மண்டி இருந்தால் பெற்றோலைக் கைப்பம்ப்பால் முழுக்க வடித்து, பஞ்சு உதிராத துணியால் துடைத்தெடுக்காமல் மேலே போக வேண்டாம். வடித்த பெற்றோலை வடிகானில் ஊற்றாதீர்கள். நம் ஊரில் வடிகான் போய்ச் சேரும் இடம் கடல்.

பழைய பம்ப்பைக் கூட்டிலிருந்து கழற்றி, புதியதை அதே உயரத்தில் பூட்டுங்கள். வலை டாங்கியின் அடியைத் தொட்டபடி இருக்க வேண்டும், நசுங்கவும் கூடாது. ஹோஸ் மடியாமல் நேராகப் போக வேண்டும். புது ஓ ரிங்கைப் போட்டு, நட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பழைய ஓ ரிங் பெற்றோலில் ஊறி விரிந்திருக்கும், அதைத் திருப்பி உட்கார வைக்க முடியாது.

வயர்

கொம்பனி பம்ப்புக்கு எவோவில் ஒரு ரெசிஸ்டர் வழியாக, மெதுவாக ஓடும் நேரம் குறைந்த வோல்ட் போகிறது. மெல்லிய பழைய வயரில் இன்னும் கொஞ்சம் இழப்பு. பம்ப்பில் 13.5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 11.5 இருந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய லீற்றரில் ஒரு பங்கு காணாமல் போகிறது.

பற்றரி பொசிட்டிவ்விலிருந்து புது வயர் ஒன்றை எடுங்கள். பற்றரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும், காரின் நடுவில் வயர் உரசினால் உங்களைக் காப்பது அது மட்டும்தான். இந்த வயர் ரிலேயில் 30 என்று எண்ணிட்ட முனைக்கு. 87 பம்ப்புக்கு. பழைய பம்ப் வயர் 86க்கு, 85 காரின் உடற்தகட்டுக்கு எர்த். பழைய வயரால் ரிலேயை இயக்குவதில் முக்கிய காரணம் உண்டு: விபத்தில் எஞ்சின் நின்றால் ஈசியூ பம்ப்பை நிறுத்தும். தனி சுவிட்ச் போட்டு நேரடியாகக் கொடுத்தால், கவிழ்ந்த காரிலும் பம்ப் பெற்றோலைப் பீச்சிக்கொண்டே இருக்கும். அப்படிச் செய்ய வேண்டாம்.

எர்த் பூட்டும் இடத்தில் பெயின்ற்றை வெள்ளித் தகடு தெரியும் வரை சுரண்டி, பூட்டிய பின் கிரீஸ் பூசுங்கள். உப்புக்காற்று ஒரு வாடைக் காலத்துக்குள் வெறும் எர்த்தைப் பச்சையாக்கிவிடும். தகட்டுத் துளை வழியாகப் போகும் வயருக்கு ரப்பர் வளையம் கட்டாயம்.

இன்ஜெக்டரும் ரெயிலும்

ரெயிலைக் கழற்றுமுன் சுற்றுப்புறத்தைத் துடைத்து ஊதுங்கள், இன்ஜெக்டர் துளை நேராக சிலிண்டர் வழிக்குத்தான் போகிறது. ரெயிலைத் தூக்கியதும் சுத்தமான துணியால் துளைகளை அடையுங்கள். பழைய ஓ ரிங் துளைக்குள்ளேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேல் புதியதை அழுத்தினால் காற்று கசியும்.

அடுத்தது மல்டிமீற்றர். கொம்பனி இன்ஜெக்டர் 2, 3 ஓம் அளவில் இருக்கும், அதற்காக எவோவில் ரெசிஸ்டர் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். இன்று கிடைக்கும் பெரிய இன்ஜெக்டர்கள் பெரும்பாலும் 12 ஓமைச் சுற்றியவை. இவற்றுக்கு அந்தப் பெட்டியைத் தாண்டி நேராக இணைக்க வேண்டும். குறைந்த ஓம் இன்ஜெக்டரை வைத்துக்கொண்டு பெட்டியைத் தாண்டினால் ஈசியூவுக்குள் இன்ஜெக்டரை இயக்கும் சுற்று எரியும். அளக்காமல் எதையும் இணைக்க வேண்டாம்.

ஓ ரிங்கில் ஒரு துளி சுத்தமான எஞ்சின் ஒயில் தடவி, இன்ஜெக்டரைத் திருகியபடி உள்ளே தள்ளுங்கள். உலர வைத்து அழுத்தினால் ஓ ரிங்கின் விளிம்பு வெட்டுப்படும், அது வெளியே தெரியாது. ரெயிலைப் பூட்டிய பின் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் கையால் சுழற்றிப் பாருங்கள். சுழன்றால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. இறுக்கிப் பிடித்தால் கழற்றி மறுபடி போடுங்கள். போல்ட்டுகள் அலுமினியத்துக்குள் போகின்றன, டோர்க் ஸ்பனரும் கைநூல் அளவும் வேண்டும், கைப்பலம் வேண்டாம்.

ஏஎன் வகை ஹோஸ் பூட்டுகளில் வெள்ளை டேப் சுற்றவே கூடாது. அவை 37 பாகைச் சரிவில் உலோகத்தோடு உலோகம் பொருந்தி அடைப்பவை. டேப் இழை பிய்ந்து போனால் போகும் இடம் இன்ஜெக்டரின் ஊசித்துளை. ஹோஸை வெட்டும் இடத்தில் டேப் சுற்றி வெட்டி, பிறகு உள்ளே பெற்றோலால் கழுவி ஊதுங்கள். ரப்பர் உள்ளுள்ள பின்னல் ஹோஸ் சூட்டில் மணக்கத் தொடங்கும், டெஃப்லான் உள்ளது அப்படி வியர்க்காது. இரண்டுக்கும் பூட்டுகள் வேறு, கலக்க வேண்டாம்.

ரெகுலேட்டரும் முதல் ஸ்டார்ட்டும்

ரெகுலேட்டரின் வெக்யூம் ஹோஸை த்ரொட்டிலுக்குப் பின்னால் உள்ள இன்டேக்கிலிருந்து தனியாக எடுங்கள். பூஸ்ட் மீற்றருக்குப் போகும் ஹோஸில் கிளை பிரிக்க வேண்டாம். இரு முனையிலும் கிளிப் போடுங்கள். இந்த ஹோஸ் பூஸ்ட்டில் கழன்றால் ரெயில் 3 பாரிலேயே நிற்கும், இன்டேக்கில் 1.5 பார் எதிர்த்துத் தள்ளும். எஞ்சினுக்குக் கிடைக்கும் பெற்றோல் ஏறக்குறைய 30 வீதம் குறைந்துவிடும்.

பற்றரியைப் பூட்டி, ஆரம்ப மெப்பை ஈசியூவில் எழுதி, ஸ்டார்ட் செய்யாமல் சேவிஸ் கைநூலில் உள்ளபடி பம்ப்பை மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். நான்கைந்து தடவை. குழாய் இணையும் ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைக் கடுதாசிக் கைக்குட்டையால் சுற்றித் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைக் கடுதாசி காட்டும். எனக்கு உதவிக்கு நின்ற தம்பி சொன்னான், "அண்ணா, எல்லாம் காய்ஞ்சுதான் இருக்கு, ஆனா மணக்குது." மணத்தால்தான் கண்டுபிடித்தோம், வடிகட்டிக்குப் பின் பக்க மூட்டு அரைச் சுற்று தளர்ந்திருந்தது. மணக்கிறது என்று ஒருவர் சொன்னால் தேடுங்கள்.

பத்து நிமிடம் உலர்ந்தே இருந்தால் ஸ்டார்ட் செய்யுங்கள். வெக்யூம் ஹோஸைக் கழற்றி வாயை அடைத்து, ரெகுலேட்டர் ஸ்குரூவால் மானியை 3 பாருக்குக் கொண்டு வாருங்கள். ஹோஸைத் திருப்பிப் பூட்டினால் ஐடிலில் 2.4 பார் அளவுக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஹோஸ் அடைபட்டிருக்கிறது அல்லது திரும்பும் குழாய் இந்த பம்ப்பின் அளவைத் தாங்கவில்லை.

பூஸ்ட்டில் என்ன நடக்கிறது

வேலை சரியா என்பது முற்றத்தில் தெரியாது. ஐடிலில் எல்லா பம்ப்பும் நல்ல பம்ப்தான். பூஸ்ட் ஒரு பார் என்றால் ரெயில் 4, ஒன்றரை என்றால் 4.5. இந்த 3 பார் வித்தியாசம் மேல் ஆர்பிஎம் வரை மாறாமல் நிற்க வேண்டும். 6000இல் 4.5ஐத் தொட்டு 7000இல் 4.1க்கு இறங்கினால், பம்ப்போ வயரோ வடிகட்டியோ திணறுகிறது. காலை எடுத்துவிட்டு காரணத்தைத் தேடுங்கள், மெப்பில் பெற்றோலைக் கூட்டி மூடி மறைக்க வேண்டாம்.

இதைப் பொது வீதியில் பார்க்க நினைக்காதீர்கள். ஹபரணை வீதி நேராகத்தான் இருக்கிறது, மாடும் யானையும் சைக்கிளில் வீடு திரும்பும் மனிதர்களும் அதே வீதியில்தான். ரியூன் ஆகும் வரை பூஸ்ட் ஏறாத வேகத்தில் ஓட்டி காரை நிறுத்தி வைத்தே வலுவை அளக்கும் டைனோ உள்ள இடத்துக்குக் கொண்டு போங்கள். நமக்கு அது கொழும்புப் பக்கம் போகிற ஒரு நாள் பயணம். அங்கே முழு பூஸ்ட்டில் காற்று எரிபொருள் விகிதம் 11 முதல் 11.5 வரை நிற்கும்படி ரியூன் செய்யச் சொல்லுங்கள், ரெயில் அழுத்தத்தையும் அதே வரைபடத்தில் பதியச் சொல்லுங்கள். மாற்றங்களைக் காப்புறுதிக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள், வருட வரிப்பத்திரத்துக்கு முன் வரும் புகைப் பரிசோதனையையும் ரியூன் செய்பவருக்கு நினைவுபடுத்துங்கள்.

திரும்பி வந்ததும் எஞ்சின் ஒயிலை மாற்றுங்கள், ஆரம்ப மெப்பில் ஓடிய நாட்களில் பெற்றோல் அதில் கலந்திருக்கும். 500 கிலோமீற்றரில் எல்லா மூட்டையும் ஸ்பனரால் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். 10 மைக்ரோன் வடிகட்டியைக் கழற்றி வெள்ளைத் துணியில் பின்பக்கமாக ஊற்றுங்கள். என்னுடையதில் முதல் தடவை தேக்கரண்டி அளவு துரு வந்தது, இரண்டாம் தடவை நாலைந்து துகள், மூன்றாம் தடவை துணி வெள்ளையாகவே இருந்தது.